ஏஜென்ட் கையில் அழிக்கும் உரிமை

கேள்வி: எங்க பனியன் கம்பெனி மீடியாவிக்கியில் (விக்கிபீடியா மாதிரி பக்கங்கள் வைக்கும் மென்பொருள்) பழைய ஆர்டர் பக்கங்களை ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ நிரல்) அழிக்கலாமுங்களா? (வாசகர், திருப்பூர்)

பதில்: தாராளமா அழிக்கலாமுங்க. ஆனா அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்துடாதீங்க. அந்த அக்கவுன்ட்டிலேயே பாட் பாஸ்வேர்டு (நிரல்களுக்குன்னு தனியா, குறைஞ்ச உரிமையோட கொடுக்கும் பாஸ்வேர்டு) உருவாக்கி, பக்கம் அழிக்கும் உரிமையை மட்டும் டிக் பண்ணுங்க.

ஏஜென்ட் லாகின் ஆகி, சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (கட்டளை போலியா வரலைன்னு காட்டும் ரகசியக் குறியீடு) வாங்கி, டெலீட் கட்டளையை போஸ்ட் முறையில் (சர்வருக்குத் தகவல் அனுப்பும் ஒரு வெப் முறை) அனுப்பணும். 'பேட் டோக்கன்' வந்தா, பெரும்பாலும் லாகின் குக்கீ (லாகின் ஆனதை அடையாளம் காட்டும் சின்னத் தகவல்) கட்டளையோட சேர்ந்து போகலைன்னு அர்த்தம்.

பெரிய ஆபத்து தலைப்பில்தான். தலைப்பு கொஞ்சம் மாறினாலும், 'டையிங் 2023' பக்கத்துக்குப் பதிலா 'டையிங் 2024' பக்கம் அழிஞ்சுடும். பெயர் மாத்தின பக்கமா இருந்தா, பழைய தலைப்பிலுள்ள வழிமாற்று (புதுத் தலைப்புக்கு அனுப்பிவிடும் பக்கம்) மட்டும் அழியும், விஷயம் அப்படியே இருக்கும். அதனால தலைப்புக்குப் பதிலா பேஜ் ஐடியை (பக்கத்துக்குரிய தனி எண்) கொடுங்க, காரணமும் எழுத வையுங்க. ஒவ்வொரு அழிப்புக்கும் முன்னாடி ஒரு ஆள் பட்டியலைப் பார்த்து சரின்னு சொல்லட்டும்.

தவறிப்போனா அன்டெலீட் (அழிச்சதைத் திரும்பக் கொண்டுவரும் வசதி) இருக்கு. அழிச்ச பதிப்புகள் டேட்டாபேஸின் ஆர்க்கைவ் டேபிளில் இருக்கும்.