கைப்பிடிச்சுவர்க் கலசங்களில் விரிசல்: சிமெண்ட் வேண்டாம்

வணக்கம். கானாடுகாத்தானில் உள்ள தங்கள் பாட்டனார் வீட்டு முகப்பில், கைப்பிடிச்சுவர் மேலிருக்கும் ஐந்து சுதைக் (சுண்ணாம்புச் சாந்தால் உருவாக்கிய) கலசங்களில் இரண்டு நெடுக்காக வெடித்திருப்பதாகவும், எல்லாவற்றையும் உடைத்துவிட்டு அச்சில் வார்த்த சிமெண்ட் கலசங்களை வைக்கலாம் என்று கொத்தனார் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்கு இசைய வேண்டாம்.

இத்தகைய விரிசலுக்குப் பெரும்பாலும் காரணம் கலசத்தின் நடுவே நட்டிருக்கும் இரும்புக் கம்பிதான். மழைநீர் இறங்கி அது துருப்பிடிக்கும்போது, துரு முன்பிருந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு சுற்றியுள்ள சுதையை உள்ளிருந்தே பிளந்துவிடுகிறது. விரிசலோரம் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மேலே பூசி மூடுவதில் பயனில்லை: பழைய கம்பியை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை நட்டு, நன்கு நீற்றிய சுண்ணாம்பும் சலித்த மணலும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்து அரைத்த சாந்தால், ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்த அடுக்கு என்று பொறுமையாகக் கட்ட வேண்டும். ஈரச் சாக்குப் போர்த்தி வெயிலிலிருந்து காப்பதும் அவசியம். சிமெண்ட் கெட்டியானதுதான், ஆனால் ஈரத்தை எளிதில் வெளியேற விடாததால், அடியிலுள்ள சுண்ணாம்புச் சுவர் கெடும்.

தொடங்குமுன், நல்ல நிலையிலுள்ள மூன்றையும் நாற்புறமும் படமெடுத்து, கழுத்து, வயிறு, மொட்டு ஆகியவற்றின் சுற்றளவைக் குறித்துவையுங்கள். கையால் இழைத்தவை என்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அந்தச் சிறு வேறுபாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். கோயில் திருப்பணிகளில் சுதை வேலை செய்த ஸ்தபதி ஒருவரைக் காரைக்குடிப் பக்கம் விசாரித்து, ஐப்பசி மழைக்கு வெகு முன்னரே வேலையை முடித்துவிடுங்கள்.