மாடி எடுப்பதற்கு முன் ஒரு குழி எடுங்கள்

வாசகர் கேள்விகள், பொறியாளர் பதில்கள்

கேள்வி: எங்கள் வீடு கட்டி 22 ஆண்டுகள் ஆகின்றன. ஒரே தளம், மேலே கான்கிரீட் கூரை. பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள். மாமியாரும் இப்போது எங்களோடு வந்துவிட்டார். மாடியில் இரண்டு அறைகளும் ஒரு குளியலறையும் எடுத்து, ஓர் அறையை மாமியாருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். தூண் கம்பிகள் மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, 'தாராளமாகத் தாங்கும்' என்கிறார். நம்பி இறங்கலாமா?

பதில்: மேஸ்திரி தட்டிப் பார்த்தது சுவரை. சுமையைத் தாங்கப்போவது அஸ்திவாரம். அதை அவரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. பார்க்காமல் இறங்காதீர்கள் சகோதரி.

முதலில் சுமையைக் கணக்குப் போடுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பத்தடி உயரத்துக்கு எழும்பினால், ஓரடி நீளத்துக்கே சுமார் 400 கிலோ வரும். பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் சுற்றளவு 44 அடி. சுவர் மட்டும் 17 டன்னைத் தாண்டிவிடும். ஐந்து அங்குலக் கான்கிரீட் கூரை சதுர அடிக்கு 30 கிலோ. அதில் இன்னும் மூன்றரை டன். ஓர் அறைக்கே 20 டன்னுக்கு மேல். நீங்கள் இரண்டு கேட்கிறீர்கள்.

நீட்டி நிற்கும் கம்பி, 'பின்னால் மாடி எடுக்கலாம்' என்று அன்று இருந்த ஆசையைத்தான் சொல்லும்; அடியில் என்ன போட்டார்கள் என்பதைச் சொல்லாது. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் நான்கு மூலையிலும் இரண்டடி உயரத்துக்குக் கம்பி நின்றது. வரைபடத்தில் அஸ்திவாரம் ஐந்தடி ஆழம். தூணை ஒட்டிக் குழி எடுக்கச் சொன்னேன். மூன்றடியிலேயே கான்கிரீட்டின் அடி விளிம்பு தெரிந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் மண். கம்பிக்கும் சிமென்டுக்கும் முன்பணம் கொடுத்திருந்த வீட்டுக்காரர் குழியின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் மாடிக்கு வரைபடம் போடுவதற்கு முன்பே குழி எடுக்கச் சொல்கிறேன். ஓர் ஆள் இறங்கி நிற்கும் அகலம் போதும். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில் மட்டும் தோண்டி, ஆழத்தையும் அடிப்பகுதியின் அகலத்தையும் அளந்து, மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து மூடிய பிறகே அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். சுவர் நெடுகத் தோண்டிப் போட்டால் இருக்கிற வீட்டுக்கே ஆபத்து.

கம்பியையும் சோதியுங்கள். இரும்புத் தூரிகையால் அழுத்தித் தேயுங்கள். செம்பொடி மட்டும் உதிர்ந்தால் பெரிய கவலையில்லை. செதில் செதிலாகப் பெயர்ந்தால் கம்பி மெலிந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். புதுக் கம்பியைப் பழையதோடு சேர்த்துக் கட்ட, கம்பியின் தடிமனைப் போல ஏறக்குறைய 50 மடங்கு நீளம் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். 12 மி.மீ. கம்பிக்கு 60 செ.மீ. உங்கள் வீட்டில் ஒரு சாண்தான் நீட்டியிருக்கிறது என்றால், அதில் முடிச்சுப் போட்டுக் கட்டுவதாகச் சொல்லும் ஆளை அனுப்பிவிடுங்கள். இந்த அளவுகளையெல்லாம் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். கட்டட அனுமதிக்கும் அது பயன்படும்.

அஸ்திவாரம் சற்றே குறைவாக இருந்தால் உடனே மனம் விட வேண்டாம். ஏஏசி கற்கள், அதாவது உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கற்கள், அதே அளவு செங்கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கூரையையும் இலகுவாகப் போட்டால் சுமை பாதியைவிடக் குறைந்துவிடும். எதில் கட்டினாலும் மேல் சுவர் கீழ்ச் சுவரின் மீதோ பீமின் மீதோதான் நிற்க வேண்டும். குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே வையுங்கள். கழிவுக் குழாய் நேராக இறங்கும், கசிவும் படுக்கையறைக்குள் வராது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. படிக்கட்டு எங்கே வரும்? கூரையின் கனத்தையும் சேர்த்துப் பத்தரை அடி ஏற வேண்டும். ஏழு அங்குல உயரப் படி 18 தேவை. கடைசிப் படி மாடித் தளமே என்பதால் மிதிப்பு 17 போதும். ஒவ்வொரு மிதிப்பும் பத்து அங்குலம் என்றால், நேராக ஓடும் படிக்கட்டுக்கு 14 அடி நீளம் போய்விடும். சாக்கட்டியால் கூடத்துத் தரையில் அதை அப்படியே வரைந்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். வரைந்த பிறகு மாமியாரின் அறையையும் யோசியுங்கள். அந்த 18 படிகளை அவர் ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறி இறங்குவார்? என்னைக் கேட்டால் அவருக்குக் கீழ் அறை, பிள்ளைகளுக்கு மாடி. மாமியார் மேலே போனால் மெல்ல மெல்லக் கீழே வருவதைக் குறைத்துக்கொள்வார்; அதைப் பல வீடுகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

கேள்வி: எங்களுடையது ஓட்டுக்கூரை வீடு. பரணில் பலகை அடித்து மகனுக்குப் படிப்பறை ஆக்கலாமா?

பதில்: பரணின் நடுவே நிமிர்ந்து நில்லுங்கள். முகட்டு வளைக்குக் கீழே இரண்டு மீட்டர் உயரம் கிடைக்காவிட்டால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். கிடைத்தாலும், பரண் சட்டங்கள் பழைய பெட்டிகளுக்கும் அறையின் உட்கூரைப் பலகைக்கும் போட்டவை. மனிதர்கள் வாழும் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை தாங்கும்படி கணக்கிடுவார்கள். பரண் அதில் பாதியைக்கூடத் தாங்காமல் இருக்கலாம். எனவே சுவருக்குச் சுவர் புது உத்தரம் போட்டு, தளத்தை அதன்மேல் தனியாக அமையுங்கள். தலையில் இடிக்கிறது என்று குறுக்குச் சட்டத்தை மட்டும் அறுத்துவிடாதீர்கள். கைமரங்கள் அகன்று சுவரை வெளியே தள்ளாமல் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். ஓட்டுக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் அடுக்கும், எதிரெதிரே இரண்டு சன்னல்களும் வேண்டும். ஒன்றாவது ஆள் வெளியேறும் அளவில் இருக்கட்டும். கீழே தீப்பிடித்தால் பையனுக்கு வேறு வழி கிடையாது.

கேள்வி: வீட்டை ஒட்டி ஓர் அறை சேர்த்தோம். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல். இரண்டு முறை பூசியும் திரும்ப வருகிறது.

பதில்: பழைய வீடு அமர வேண்டிய அளவு என்றோ அமர்ந்துவிட்டது, புது அறை இப்போதுதான் அமர்கிறது. மூன்றாம் முறையும் சிமென்ட் பூசாதீர்கள். விரிசலின் குறுக்கே இரண்டு பென்சில் புள்ளிகள் வைத்து, மாதம் ஒருமுறை இடைவெளியை அளந்து ஒரு தாளில் எழுதி வாருங்கள். வளர்ந்துகொண்டே போனால் பொறியாளரை அழைத்து அஸ்திவாரத்தைக் காட்டுங்கள். நின்றுவிட்டால் அந்த இணைப்பை நேர்கோடாக வெட்டி, நெகிழும் பசையால் அடைத்து, மேலே ஒரு பட்டை வைத்து மூடுங்கள். பட்டையை ஒரு சுவரில் மட்டும் ஆணி அடிக்க வேண்டும்.