புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் கழித்து மீன் விடலாமா?

இரண்டு அடித் தொட்டி வாங்கியாயிற்று, கடைக்காரர் ஒரு நாள் விட்டு மீனைப் போடச் சொல்கிறார், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஒரு நாள் திறந்து வைத்தால் குழாய்த் தண்ணீரின் குளோரீன் போகும், அவ்வளவுதான். கழிவைச் சமாளிக்கும் பற்றீரியா வளர்ந்து தொட்டி பழக நாலு கிழமையாவது வேண்டும், சில வேளை ஆறும் ஆகும்.

நானும் திருகோணமலை உப்புவெளியில் இருந்தபோது ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு மறுநாளே எட்டுத் தங்கமீன் விட்டேன் (அந்த அளவுத் தொட்டிக்கு எட்டு என்பதே கூடுதல், அது வேறு கதை). ஐந்தாம் நாள் காலை பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. காற்றுப் போதவில்லையாக்கும் என்று இன்னொரு ஏயார் பம்ப் வாங்கிப் பூட்டினேன். கிழமை முடிய இரண்டுதான் மிச்சம். தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவு, அதுதான் ஏமாற்றியது.

நடந்தது இதுதான்: மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகும். அதை ஒரு வகை பற்றீரியா நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சு, மீனின் இரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். சந்தையில் மீனின் பூவைத் (செவுளைத்) தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்போமே, அந்தச் சிவப்பு போய்விடும். இன்னொரு வகை பற்றீரியா அதை நைத்திரேற்றாக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றினால் போய்விடும். பள்ளிக்கூடத்தில் நைதரசன் வட்டம் என்று படித்ததுதான், பரீட்சையோடு மறந்துவிட்டோம். இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதை விட வடிகட்டியின் ஸ்பொஞ்சிலும் கல்லிலும் ஒட்டித்தான் வாழும். அதனால் பழைய தொட்டித் தண்ணீரை ஊற்றுவதில் பெரிய பயன் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பொஞ்ச் ஒன்றைக் காயவிடாமல் கொண்டுவந்து போட்டால்தான் பாதி வேலை முடியும். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்று தெரிந்தால் மட்டும்.

அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் பற்றீரியாவுக்கு நீங்களே சாப்பாடு போட வேண்டும். மணம் சேர்க்காத சுத்த அமோனியா கிடைத்தால் அளந்து விடலாம், நான் தேடி அலுத்துப்போய்ச் சந்தையில் ஒரு பச்சை இறாலை வாங்கிப் பழைய ஸ்டொக்கிங்ஸில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் நாறும், வீட்டில் திட்டும் வாங்குவீர்கள், மூடியைப் போட்டு வையுங்கள். டெஸ்ட் கிட் (தண்ணீரில் அமோனியாவும் நைத்திரைற்றும் நைத்திரேற்றும் எவ்வளவு என்று குப்பியில் நிறத்தால் காட்டுவது) கட்டாயம் வேண்டும். எனக்கு முதலில் அமோனியாக் குப்பி பச்சையானது, அப்புறம் இறாலை எடுத்துவிட்டுத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன், 11ஆம் நாள் நைத்திரைற்றுக் குப்பி ஊதாவானது, 27ஆம் நாள்தான் இரண்டும் பூச்சியம். தீனி போட்டு 24 மணித்தியாலம் கழித்துப் பார்த்தும் இரண்டும் பூச்சியமாகவே இருந்து நைத்திரேற்று மட்டும் காட்டினால் சரி, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மூன்று நாலு கப்பி மீன் விடுங்கள், மிச்சத்தைப் பத்து நாள் கழித்து.

திருகோணமலைச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை, பற்றீரியா வேகமாகவே பெருகும். ஆனால் சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, பற்றீரியாவுக்கும் அது வேண்டும், பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் பிஎச்சையும் (அமில, கார அளவு) பாருங்கள். 7இலிருந்து 8க்கு ஏறினால் அமோனியாவில் நஞ்சான பங்கு ஒன்பது, பத்து மடங்காகிவிடும்.

ஸ்பொஞ்சைக் குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள், குளோரீன் பற்றீரியாவைக் கொன்றுவிடும், தொட்டியில் எடுத்த தண்ணீரில் வாளிக்குள் பிழிந்தால் போதும். எங்கள் அம்மா ஒருக்கா ஊத்தையாக இருக்கிறதென்று சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயவும் போட்டுவிட்டார், மீன்களைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப இறாலிலிருந்து தொடங்கினேன்.