மாதாவுக்குக் கீழே ஒரு சந்து

கேள்வி: இத்தாலிய ஓவியம் என்றாலே மாதா, தேவதூதர்கள், பட்டுடுத்திய பிரபுக்கள்தான். ஊர்ச்சனங்களை அந்த ஓவியர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்கிறேன். மறுப்பீர்களா? (ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: மறுக்கிறேன். ஒரே ஓர் ஊர் போதும், தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸ்.

1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்றுவிட்டுத் தப்பி ஓடிய ஓவியர் காரவாஜியோ அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே பியோ மோன்தே தெல்லா மிசெரிகோர்தியா என்றொரு தரும சபை. 1602-இல் அதைத் தொடங்கிய ஏழு பேரும் பிரபு வீட்டு இளைஞர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளுக்குச் சோறு போட்டவர்கள். பசித்தவருக்கு உணவு தருவதில் தொடங்கி, செத்தவரை அடக்கம் செய்வதுவரை கிறிஸ்தவம் சொல்லும் ஏழு இரக்கச் செயல்களை ஒரே படத்தில் வரையச் சொல்லி, காரவாஜியோவுக்கு 400 துக்காத் (அக்கால நாணயம்) கொடுத்தார்கள்.

மாதா அதில் உண்டு, குழந்தையோடு, உச்சியில். மாடி வீட்டுக்காரி தெருச் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பதுபோலத்தான் இருக்கிறாள். கீழே முழுக்க இருட்டுச் சந்து. சிறைக் கம்பி வழியே தலையை நீட்டும் கிழவருக்கு ஒரு பெண் பால் கொடுக்கிறாள். பட்டினி போட்டுக் கொல்லவிருந்த அப்பனை மகள் தாய்ப்பால் ஊட்டிக் காப்பாற்றிய பழைய ரோமானியக் கதை அது. கிழவரின் தாடியில் ஒரு சொட்டுப் பால் நிற்கிறது! அந்த ஒரு சொட்டுக்காகவே நான் இந்தப் படத்திடம் திரும்பத் திரும்பப் போகிறேன். அவளுக்குப் பின்னால் ஒரு பிணத்தைத் தூக்கிப் போகிறார்கள். முகம் தெரியவில்லை, இரண்டு வெறும் பாதங்கள் மட்டும். 1607 முதல் இன்றுவரை அந்தச் சபையின் கோயிலில்தான் படம் இருக்கிறது.

சரி, இது மதப் படம்தானே என்பீர்கள். அப்படியானால் அதே ஊர் ஓவியர் தொமேனிகோ கார்ஜூலோவைப் பாருங்கள். வாள் செய்பவரின் மகன். அதனால் ஊர் வைத்த பெயர் மிக்கோ ஸ்பதாரோ. ஸ்பெயின் ஆட்சியில் பழத்துக்குக்கூட வரி போட்டபோது, 1647 ஜூலை 7 அன்று மசானியெல்லோ என்ற 27 வயது மீன்காரர் தலைமையில் சந்தைச் சதுக்கம் கொதித்தெழுந்தது. ஒன்பது நாளில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அந்தக் கலகத்தை, அதே ஊரில் வாழ்ந்த ஸ்பதாரோ வரைந்தார். அதில் நாயகன் கூட்டம்தான்.

1656-இல் கொள்ளைநோய் வந்தது. ஏறத்தாழ பாதி ஊர் செத்தது. மெர்காதெல்லோ சதுக்கம் முழுக்கப் பிணங்கள் சிதறிக் கிடக்க, உயிரோடு இருப்பவர்கள் அவற்றை அப்புறப்படுத்துவதையும் ஸ்பதாரோ வரைந்து வைத்தார். கிடப்பவர்களில் யாருக்கும் பெயர் இல்லை. யாரும் ஓவியருக்குக் காசு கொடுத்தவர்களும் இல்லை. நீங்கள் தேடும் ஊர்ச்சனங்கள் அவர்கள்தான்.