வாசகர் கேள்வி-பதில்: சாலையோர விநோதங்களும் வாடகை ஆர்.வி.யும்

ஹூஸ்டனில் 28 அடி ஆர்.வி. (படுக்கை, சமையலறை, கழிப்பறையோடு வரும் வீட்டு வண்டி) ஒன்றை ஏழு நாளுக்கு எடுக்கப் போகிறோம். ஓக்லஹோமாவின் கட்டூசாவில் இருக்கும் நீலத் திமிங்கிலச் சிலையையும் டெக்சாஸின் அமரில்லோவில் மண்ணில் புதைத்த கார்களையும் பார்க்க ஆசை. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வாடகையில் ஒரு நாளைக்கு 100 மைல் அடக்கம், அதற்கு மேல் மைலுக்கு 40 சென்ட். போதுமா?

போதாது. ஹூஸ்டனிலிருந்து கட்டூசா சுமார் 500 மைல், அங்கிருந்து அமரில்லோ 380, வீடு திரும்ப 600. மொத்தம் 1,480. உங்களுக்குக் கிடைப்பது 700. மிச்சம் 780 மைலுக்கு 312 டாலர். இந்த அளவு வண்டி கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும், ஆக பெட்ரோலே 150 முதல் 185 கேலன் பிடிக்கும்.

கட்டூசாவுக்குப் பக்கத்து ஊரான டல்சா வரை சொந்தக் காரில் போய், வண்டியை அங்கே எடுத்து அங்கேயே விட்டுப் பாருங்கள். கட்டூசாவும் அமரில்லோவும் போய்த் திரும்ப ஏறக்குறைய 760 மைல். கூடுதல் 60 மைலுக்கு 24 டாலரோடு முடிந்துவிடும். ஹியூ டேவிஸ் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் மனைவிக்குத் திருமணநாள் பரிசாகக் கட்டிய 80 அடித் திமிங்கிலம் அது. அரை நாளாவது அங்கே இருக்க வேண்டாமா?

அந்தக் கார்கள் மேல் யார் வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாமாமே. என்ன வாங்கிப் போவது?

அடிக்கலாம். 1974-இல் நட்ட பத்து கேடிலாக் கார்கள், இன்று பெயின்ட் பல அங்குலம் ஏறிக் கிடக்கின்றன. ஊருக்குள் ஹார்டுவேர் கடையில் ஆளுக்கு ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்குங்கள், அது தாராளம். காற்று எப்போதும் வீசும் சமவெளி அது. காற்று முதுகில் படும்படி நின்று அடியுங்கள், இல்லாவிட்டால் பாதி உங்கள் சட்டையில்தான். முந்தின நாள் மழை பெய்திருந்தால் கார்களைச் சுற்றிக் குட்டையாக நீர் நிற்கும், பழைய செருப்பு போதும். மீதி டப்பாவை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கும். காலி டப்பாவை அங்கே வீசிவிட்டு வருவது மகா கேவலம்.

தெற்கு டகோட்டா மிட்செலில் சோள மாளிகை பார்த்துவிட்டு, 31 அடி வண்டியோடு கஸ்டர் பூங்காவின் நீடில்ஸ் சாலையில் போகலாமா?

கூடாது. அந்தச் சாலையில் இருக்கும் ஊசிக்கண் சுரங்கப்பாதையின் அகலம் சுமார் 8 அடி. உங்கள் வண்டி பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காமலே எட்டரை அடி இருக்கும்.

ஆர்.வி. வாடகைக்கு எடுத்தபோது 'முழுக் காப்பு' இன்ஷூரன்ஸ் என்று சொன்னதால் நாளுக்கு 30 டாலர் கூடுதலாகக் கட்டினேன். பழைய மோட்டல் ஒன்றின் முகப்புக் கூரைக்கு அடியில் நுழைந்தபோது, மேலே இருந்த ஏ.சி. பெட்டி நொறுங்கிவிட்டது. 4,800 டாலர் கேட்கிறார்கள். ஒப்பந்தம் 14 பக்கம், படிக்க நேரமில்லை. என்ன செய்வது?

பதினான்கு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்தின் விலைதான் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

ஆனால் குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. ஆர்.வி. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில், கூடுதல் காப்பு வாங்கினாலும் கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் அதில் சேராது என்று ஒரு வரி இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர் முதலில் இடிப்பதே இந்த இரண்டு இடத்தில்தான். கார் ஓட்டிப் பழகியவருக்குத் தலைக்கு மேலே, தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஒரு பெட்டி இருக்கிறது என்ற நினைவே வராது. அதை விட்டுவிட்ட காப்புக்கு 'முழு' என்று பெயர் வைத்து விற்பது ஏமாற்று. சாவி கொடுக்கும் முன் அந்த ஒரு வரியை வாய்விட்டுப் படித்துக் காட்டக் கூடாதா? பல ஆண்டுகளாக இதையே எழுதி வருகிறேன், இன்னும் எழுதுவேன்.

கூரை ஏ.சி. ஒன்றின் விலை ஆயிரம் டாலர் அளவில்தான். அதனால் மீதித் தொகை எதற்கு என்று உருப்படி வாரியாகப் பில் கேளுங்கள். கூரைத் தகடு, பொருத்தும் கூலி, வண்டி ஓடாத நாளுக்கான வாடகை எல்லாம் தனித்தனியாக வரட்டும். கழற்றிய பெட்டியின் படமும் கேளுங்கள். பழைய பெட்டிக்குப் புதுப் பெட்டி விலையைப் போட்டிருந்தால் மறுத்து எழுதுங்கள். கிரெடிட் கார்டு காப்பு பெரும்பாலும் ஆர்.வி.க்குப் பொருந்தாது. சொந்தக் கார் இன்ஷூரன்ஸைக் கேட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் 'முழுக் காப்பு' என்று இருந்த பக்கத்தைப் படம் எடுத்து, மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள்.

மற்றவர்களுக்கு: வண்டியை எடுத்தவுடன் தரையிலிருந்து கூரையின் மிக உயரமான பொருள் வரை அளந்துவிடுங்கள். ஏ.சி. மூடி, ஆன்டெனா எதுவும் விடுபடக் கூடாது. விளம்பரத் தாளில் உள்ள உயரத்தை நம்பாதீர்கள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் கிளாஸ் சி வகை வண்டிகள் 11 முதல் 12 அடி வரை வரும். அளந்ததோடு நான்கு அங்குலம் கூட்டி, அடியும் அங்குலமுமாக ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள். வட கரோலினா டர்ஹாமில் லாரிக் கூரைகளைச் சீவுவதற்கே பெயர் போன ரயில் பாலம் 11 அடி 8 அங்குலமாக இருந்தது. 2019-இல் எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதை வேடிக்கை பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். நெடுஞ்சாலைப் பாலங்களில் பெரும்பாலும் சிக்கல் இல்லை. விநோதங்களைத் தேடி இறங்கும் பழைய ஊர்ச் சாலைகள், பெட்ரோல் பங்க் கூரைகள், மரக்கிளைகள் இவைதான் ஆபத்து. போனில் உள்ள சாதாரண வரைபடத்துக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. உயரத்தைப் பதிவு செய்யும் வசதியுள்ள ஆர்.வி. வழிகாட்டிதான் வேண்டும்.

ஆஸ்டினில் ஒரு தனிநபரிடம் பழைய கிளாஸ் சி வண்டியை 17,500 டாலருக்கு வாங்கினோம். "ஒரு சொட்டு ஒழுகாது" என்றார். கன்சாஸ் காக்கர் சிட்டியில் பிரம்மாண்டமான நூல் பந்து பார்க்கப் போன இரவு மழை. ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள படுக்கையில் குழந்தைகள் நனைந்து எழுந்தார்கள். மூலையில் பலகை உள்ளே அமுங்குகிறது. 'உள்ளபடியே விற்பனை' என்று எழுதி வாங்கியிருக்கிறார்.

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. கிளாஸ் சி வண்டியில் ஒழுகுவதற்குப் பெயர் போன இடமே அந்த முன்படுக்கைதான். ஜன்னல் ஓரத்தில் நீர் புகாமல் பூசிய பசை வெடித்தால் நீர் இறங்கி, உள்ளே மரச்சட்டம் மட்கி, வெளிச்சுவர் கொப்புளமாக உப்பும்.

'உள்ளபடியே' என்று எழுதியிருந்தாலும், தெரிந்தே மறைத்த குறைக்கு அது கவசம் ஆகாது. மறைத்ததற்குச் சாட்சிதான் தேவை. மட்கிய பலகை மேல் புதிதாக ஒட்டிய சுவர்த்தாள், பழைய பசை மேல் பூசிய வெள்ளைப் பசை, இவற்றைச் சரிசெய்யும் முன் படம் எடுங்கள். தனி ஆய்வாளர் ஒருவரிடம் ஈரமானி அளவுகளோடு எழுத்து அறிக்கை வாங்குங்கள். "ஒழுகாது" என்ற குறுஞ்செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். முதலில் பதிவுத் தபாலில் பணம் கேட்டு எழுதுங்கள். டெக்சாஸில் 20,000 டாலர் வரையிலான வழக்கை ஜஸ்டிஸ் கோர்ட் என்ற சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.

டயரையும் பாருங்கள். அதன் பக்கச்சுவரில் பொறித்த டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத் தயாரிப்பு. ஆறேழு ஆண்டு தாண்டியிருந்தால், டயரின் மேல்வரிகள் தேயாமல் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கழிவு டேங்கைக் காலி செய்யாமல் விட்டால் வாடகைக்கு விடுகிறவர் தனிக் கட்டணம் போடுகிறார். நாமே செய்வது கஷ்டமா?

பத்து நிமிட வேலை. கையுறை போடுங்கள். முதலில் கழிப்பறை டேங்க், அது முடிந்தபின் குளியல்-பாத்திர நீர் டேங்க். இந்த வரிசையில் செய்தால் சோப்பு நீரே குழாயைக் கழுவிவிடும். முடிந்ததும் இரண்டு வால்வையும் மூடி, கழிப்பறை டேங்கில் இரண்டு மூன்று கேலன் தண்ணீர் ஊற்றி வையுங்கள். முகாமில் கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று கழிப்பறை வால்வைத் திறந்தே விடாதீர்கள். நீர் மட்டும் ஓடிப்போய், கெட்டியானது அடியில் மேடாக இறுகிவிடும். குழாய் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நான் வாங்கிய மெல்லிய மலிவுக் குழாய் இரண்டாவது முறையே வளைவில் பிளந்தது.

ஜெனரேட்டர் திடீரென்று நின்றுவிட்டது. பழுதுக்குப் பணம் பிடிப்பார்களா?

அநேகமாகப் பழுதே இருக்காது, பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே போயிருக்கும். எஞ்சினுக்கு மிச்சம் இருக்கட்டும் என்று ஜெனரேட்டருக்குப் போகும் குழாயை உயரத்தில் வைத்திருப்பார்கள். பெட்ரோல் போட்டுவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஜெனரேட்டர் ஓடிய மணிகளைக் காட்டும் மீட்டரை, வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் படம் எடுத்து வையுங்கள்.

அமரில்லோவில் 72 அவுன்ஸ் ஸ்டேக் இலவசம் என்று பலகை. உண்மையா?

முதலில் பணம் கட்ட வேண்டும். இரண்டு கிலோ இறைச்சியை இறால், உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டியோடு ஒரு மணி நேரத்தில் முடித்தால்தான் பணம் திரும்ப வரும். பசிக்குச் சிறிய தட்டு ஒன்று கேளுங்கள்.