குன்றக் குறவர் கண்ட கண்ணகி

கேள்வி: சித்திரா பௌர்ணமியன்று கண்ணகி கோயிலான மங்கலதேவி கோட்டத்துக்கு மலையேறும் கூட்டத்தில் நானும் ஒருவன். புகார் நகரத்து வணிகர் வீட்டுப் பெண் எங்கள் மலையில் எப்படித் தெய்வமானாள்? சிலப்பதிகாரத்தில் சமயத்தையும் மொழியையும் நிலமும் சமூகமும் எவ்வளவு தூரம் தீர்மானிக்கின்றன?
– வாசகர், குமுளி

பதில்: சிலப்பதிகாரத்தில் நிலம் மாறுந்தோறும் தெய்வமும், அத்தெய்வத்திடம் மக்கள் பேசும் முறையும் மாறுகின்றன. பாலை வழியில் எயினர் என்னும் வேட்டுவர் தம் குலத்துப் பெண் ஒருத்தியைப் போர்த்தெய்வமான கொற்றவையாக ஒப்பனை செய்து வழிபடுகிறார்கள். மதுரைக்குப் புறத்தே இருந்த ஆயர்பாடியிலோ, குடத்துப் பால் உறையாததும் உறியில் இருந்த வெண்ணெய் உருகாததுமே தீய நிமித்தங்கள். அவை கண்டு அஞ்சிய ஆய்ச்சியர் மாயோனாகிய திருமாலைப் பாடி, கைகோத்து ஆடும் குரவை ஆடுகிறார்கள்.

உங்கள் மலைக்கு வருவோம். தினைப்புனத்தில் குருவி ஓட்டி, கிளி கடிந்து, அருவியாடி வரும் குறவர், வேங்கை நிழலில் ஒரு முலை இழந்து நிற்கும் கண்ணகியைக் கண்டதும், 'வள்ளி போல்வீர், யாவிரோ' என்று கேட்கிறார்கள். முருகனின் மலையில் வாழ்வோருக்கு அவள் முதலில் வள்ளியாகத்தான் தோன்ற முடியும். அவள் விண்ணேறியதும் தொண்டகப் பறை முழக்கி, நறும்புகை எடுத்து, குறிஞ்சி பாடி அவளைத் தம் தெய்வமாகக் கொள்கிறார்கள். சிலையைப் பற்றி அவர்கள் பேசவேயில்லை.

அதே செய்தி யானைத் தந்தம், அகில் முதலிய மலைப்பொருள்களோடு சேர மன்னன் செங்குட்டுவனிடம் சென்றதும் வழிபாட்டின் தன்மையே வேறாகிறது. வடபுல மன்னரை வென்று, இமயத்தில் எடுத்த கல்லை அவர்கள் தலையில் சுமத்தி, கங்கையில் நீராட்டிக் கொண்டுவருவது அரசுக்குரிய பக்தி. இங்கே முடிவு செய்வது நிலம் அன்று, அதிகாரம். நிலம் ஒன்றே சமயத்தை ஆக்கிவிடுகிறது என்று சொல்வோர் இச்செய்திகள் வரும் மூன்றாம் பகுதியான வஞ்சிக் காண்டத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பேன். குறவர் பாட்டையும் சேர அரசகுலத்துத் துறவி என்று நூலின் முகப்புப் பாட்டான பதிகம் கூறும் புலவரே எழுதினார் என்பதால், அதை அவர்களுடைய நேர்வாய்மொழியாகவும் கொள்ள இயலாது.

கண்ணகி விண்ணேறிய இடம் மங்கலதேவி கோட்டம்தானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், 'மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு' (மேற்கு வாயில் வழியே தனியளாய்ப் போகிறேன்) என்று மதுரையை நீங்கிய கண்ணகி, வையைக் கரை வழியே நடந்து முருகனின் மலையான நெடுவேள் குன்றம் ஏறினாள் என்று நூல் சொல்வது, உங்கள் பக்கத்து வழக்குக்கு வலுச் சேர்க்கிறது.