முறைச்சான்னு அடிச்ச பையன் ரவுடியாயிடுவானா?

திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையன் ப்ளஸ் ஒன். பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தன் முறைச்சான்னு அடிச்சு, அந்தப் பையனுக்கு உதட்டுல தையல் போட்டு, ஸ்கூல் வரைக்கும் பஞ்சாயத்து போயிடுச்சு. எமோஷனல் இன்டெலிஜென்ஸ் கம்மியா இருக்குற பசங்கதான் பின்னாடி கிரிமினல் ஆவாங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன், தூக்கமே வரல. போலீஸ்ல இருக்குற என் தம்பி, ஒரு நாள் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் மிரட்டி விடுறேங்குறான். அனுப்பலாமா?"

முதல்ல அந்த ஸ்டேஷன் ஐடியாவ விட்டுடுங்கம்மா. அமெரிக்காவுல 1970கள்லயே இதைப் பண்ணிப் பார்த்துட்டாங்க, நியூஜெர்சில ராவே ஜெயிலுக்குப் பசங்கள கூட்டிட்டுப் போய், ஆயுள் கைதிங்கள விட்டு மூஞ்சிக்கு நேரா கத்த வெச்சாங்க, ஊரே ஆஹா ஓஹோன்னுச்சு. அப்புறம் இந்த மாதிரி திட்டங்கள ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்த்தா, போன பசங்கதான் போகாத பசங்கள விட அதிகமா தப்பு பண்ணியிருக்காங்க. பயம் நாலு நாள்ல போயிடும், 'நான் ஸ்டேஷன் பார்த்தவன்டா'ங்குற கெத்து நிக்கும்னு நான் நினைக்கிறேன். நம்ம 2015 சிறார் நீதிச் சட்டமே 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய லாக்கப்ல வைக்கக் கூடாதுன்னு சொல்லுது, கேஸே ஆனாலும் சிறார் நீதி வாரியம்தான் பார்க்கணும்.

அந்த வீடியோ சொன்னது பாதி உண்மை. எமோஷனல் இன்டெலிஜென்ஸ்ங்குறது சலோவே, மேயர்னு ரெண்டு மனவியல் ஆய்வாளர்கள் 1990ல எழுதின விஷயம், தன் உணர்வையும் அடுத்தவங்க உணர்வையும் புரிஞ்சு கையாளுற திறமை. அது கம்மியா இருக்குறவங்ககிட்ட அடிதடி, விதி மீறல் கொஞ்சம் அதிகம்னு பல ஆய்வுல வருது, ஆனா அதுனாலதான் குற்றம் நடக்குதுன்னு அர்த்தம் இல்ல, கூட்டாளி, குடி, வீட்டுல விழுற அடி எல்லாம் சேர்ந்துதான் இழுக்கும். இன்னொண்ணு, போன்ல ஓடிபி வாங்கி ஏமாத்துறவன் உங்க பயத்தையும் ஆசையையும் குரல்லயே கண்டுபிடிச்சிடுவான், அந்தத் திறமை அவனுக்கு ஜாஸ்தி, அடுத்தவன் வலி மட்டும் உறைக்காது. உங்க பையன் அந்த ரகம் இல்ல. சின்ன வயசுலேர்ந்தே திருட்டு, நாய் பூனைய வதைக்கிறதுன்னு எதுவும் நீங்க எழுதல. டெர்ரி மொஃபிட்னு ஒரு மனவியல் ஆய்வாளர் 1993லயே சொன்னாங்க, டீன் ஏஜ்ல மட்டும் தப்பு பண்ணிட்டு நிறுத்திடுற பசங்கதான் பெரும்பாலானவங்க, சின்ன வயசுல ஆரம்பிச்சுக் கடைசி வரைக்கும் போறது கொஞ்சம் பேர்தான்.

உங்க பையன் விஷயத்துல நான் பார்க்குறது அந்த 'முறைச்சான்'தான். கென்னத் டாட்ஜ்னு ஒரு மனவியல் ஆய்வாளர் 1980லேர்ந்து இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காரு: அடிக்கடி கை நீட்டுற பசங்க, ரெண்டு விதமா எடுத்துக்கக் கூடிய ஒரு விஷயத்த 'வேணும்னே பண்ணான்'னு எடுத்துக்குவாங்க. எதிர்ல நின்னவன் வெயில்ல கண்ண சுருக்கியிருக்கலாம், பின்னாடி வந்த பஸ் நம்பர பார்த்திருக்கலாம், அந்த நேரத்துல உங்க பையன் மனசுல அதெல்லாம் வரவே இல்ல.

இதைப் பழக்கி மாத்தலாம். சிகாகோவுல 'பிகமிங் எ மேன்'னு ஒரு திட்டம் இருக்கு. அதுல ஒரு பையன் கையில பந்தக் குடுத்துட்டு, இன்னொருத்தன்கிட்ட 'முப்பது செகண்டுல வாங்கு'ம்பாங்க, உடனே கட்டிப் புரண்டு விரல பிச்சு எடுப்பாங்க. முடிஞ்சதும் சார் கேப்பாரு, 'குடுடான்னு கேட்டியா?' கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு அந்தப் பையனே சொல்லுவான். பயிற்சி நடந்த காலத்துல வன்முறைக் கைது 45-50 சதவீதம் குறைஞ்சுது. நிறுத்தின பிறகு கைதுல அந்த வித்தியாசம் நிக்கல, அதனால ஒரு நாள் உக்கார வெச்சுப் பேசிட்டு முடிஞ்சுதுன்னு விட்டுடாதீங்க.

வீட்டுல என்ன பண்ணலாம்னா, அவன் சாப்பிட்டு சாவகாசமா இருக்குற நேரம் பார்த்து, அட்வைஸ் இல்லாம அன்னைக்கு நடந்தத வரிசையா சொல்லச் சொல்லுங்க, எங்க நின்ன, அவன் எவ்ளோ தூரத்துல இருந்தான், உனக்கு முதல்ல காது சூடாச்சா கை இறுகுச்சா, வேற எதுக்காச்சும் அவன் பார்த்திருக்கலாமா. 'காண்டாயிட்டேன்'னுதான் ஆரம்பிப்பான், அவமானமா இருந்துச்சா, பிரெண்ட்ஸ் முன்னாடி பயமா இருந்துச்சான்னு பொறுமையா கேளுங்க. உணர்வுக்குப் பேர் சொன்னாலே மூளையில பயம், கோபத்தக் கிளப்புற அமிக்டலாங்குற பகுதியோட வேகம் குறையுதுன்னு லீபர்மேன்ங்குற ஆய்வாளரோட குழு 2007ல ஸ்கேன் பண்ணியே காட்டியிருக்கு. அவங்க அப்பா கை ஓங்குற ஆளா இருந்தா முதல்ல அது நிக்கணும், இல்லேன்னா இதெல்லாம் வேஸ்ட். அடிபட்ட பையன் வீட்டுக்கு அவனையும் கூட்டிட்டுப் போங்க, மன்னிப்ப அவன் வாயாலயே கேக்கட்டும், நீங்க பேசாதீங்க.

கத்தி வெச்சுக்குறான், குடிக்கிறான், செத்துடுவேங்குறான், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் காத்திருக்காதீங்க, பக்கத்துலயே புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர்ல மனநல ஓபி இருக்கு, ராத்திரி ரெண்டு மணின்னாலும் 14416ங்குற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு போன் போடலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது.